வேலைகளைத் தலையில் சுமக்காதீர்கள்: ஒரு குடும்பத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பிறந்தால் தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் என்னென்ன வேலைகள் குவிகின்றன என்று பாருங்கள். பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுகளுக்கு அட்டை போடுவது. மூத்த பிள்ளை கல்லூரியில் சேர்வதாக இருந்தால் வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். மாமனாருக்குச் சர்க்கரைப் பரிசோதனை, ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ், நடுவில் ஊரில் ஒரு கல்யாணம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மலைக்கவைக்கும் வேலை இல்லை. ஆனாலும் இரவு படுத்த பிறகும் தூக்கம் வருவதில்லை.

வேலை செய்து வரும் களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். எதையும் மறந்துவிடக் கூடாதே என்று நாள் முழுக்க மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கிறோமே, அந்தக் களைப்புதான் போவதில்லை. ஈ. ஜே. மாசிகாம்போ, ராய் பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. முடிக்காமல் விட்ட வேலை மனத்தில் இருந்தால், அது செய்துகொண்டிருக்கும் வேறு காரியத்தில் குறுக்கிடுகிறது. ஆனால் அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டால், வேலை இன்னும் முடியாமல் இருக்கும்போதே குறுக்கீடு குறைந்துவிடுகிறது. எனக்கு இது பெரிய ஆறுதலான செய்தி. எல்லாவற்றையும் முடித்தால்தான் நிம்மதி என்று காத்திருக்க வேண்டியதில்லை. எதை என்றைக்குச் செய்யப் போகிறோம் என்று முடிவெடுத்தாலே பாதி நிம்மதி வந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த முடிவுகளை எடுப்பதற்காகத்தான்.

படி 1: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுங்கள்

வீடு சற்று அமைதியாக இருக்கும் ஒரு நேரமாகப் பார்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே ஒரு நோட்டு போதும். முதலில் நினைவில் இருப்பதையெல்லாம் வரிசை பார்க்காமல் எழுதுங்கள். பிறகு நோட்டோடு எழுந்து வீட்டைச் சுற்றி வாருங்கள். குளியலறையில் சொட்டும் குழாய், சமையலறையில் தேய்ந்துபோன மிக்ஸி பிளேடு, பீரோவுக்குள் காலாவதி ஆகப்போகும் பாஸ்போர்ட், பரணில் கிடக்கும் பழைய மெத்தை என்று ஒவ்வோர் அறையும் தன் பங்குக்குச் சிலவற்றைச் சொல்லும். கடைசியாகச் செல்பேசி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று படமெடுத்து வைத்த ரசீதுகளும், பதில் போடாமல் விட்ட வாட்ஸ்அப் செய்திகளும் அங்கேதான் இருக்கும்.

எழுதும்போது ஒரு விதியை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு வரியும் கையால் செய்யக்கூடிய செயலாக இருக்க வேண்டும். 'அப்பா கண்' என்று எழுதினால் அது கவலையாகவே நிற்கும். 'கண் மருத்துவமனைக்குப் போன் செய்து அப்பாவின் கண்புரைப் பரிசோதனைக்கு நாள் வாங்க வேண்டும்' என்று எழுதினால் அது ஐந்து நிமிட வேலை. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் பல வேலைகளுக்குக் காரணம் சோம்பல் இல்லை. முதலில் யாருக்குப் போன் செய்வது என்று யாரும் யோசித்து வைக்காததுதான்.

வீட்டில் இருக்கும் மற்றவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் தங்களுக்குத் தேவையானதைத் தாங்களாகச் சொல்லத் தயங்குவார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

படி 2: கெடு உள்ளவற்றைப் பிரித்தெடுங்கள்

பட்டியலில் எதற்கெல்லாம் கடைசித் தேதி இருக்கிறதோ அவற்றை முதலில் தனியே எடுத்துவிடுங்கள். இவைதான் நம்மைப் பதற்றப்படுத்துபவை. பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே மாதத்தில் வருபவை என்பதால், ஒழுங்குபடுத்த மிக எளிதானவையும் இவைதான். ஒரு தாளில் ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு கட்டங்கள் போட்டு நிரப்புங்கள்.

சொத்து வரி அரையாண்டு வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. சென்னை மாநகராட்சியில் ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டிவிடுகிறவர்களுக்கு 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கிறது. அதிகபட்சம் 5,000 ரூபாய். எப்படியும் கட்டப்போகிற பணத்தை முதல் மாதத்திலேயே கட்டினால் லாபம். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம். மாதச் சம்பளக்காரர்கள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அதைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை போகும். சில ஆண்டுகளில் அரசு தேதியை நீட்டித்திருக்கிறது என்பதை நம்பி உட்காராமல், சம்பளத்தில் வரி பிடித்ததற்கு அலுவலகம் தரும் சான்றான படிவம் 16 கைக்கு வந்த வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

காப்பீடுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஆயுள் காப்பீட்டில் ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாளும், மாதத் தவணைக்கு 15 நாளும் சலுகைக் காலம் இருக்கிறது. வண்டிக் காப்பீட்டில் அப்படி இல்லை. முடிந்த மறுநாளே அந்த வண்டியை ஓட்டுவது சட்டப்படி குற்றம். 90 நாளுக்குமேல் புதுப்பிக்காமல் விட்டால் இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருந்த தள்ளுபடியும் போய்விடும். மருத்துவக் காப்பீடு அறுந்துபோனால் இன்னும் மோசம். பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் பட்டியலின் தலையில் இருக்க வேண்டியது இந்தத் தேதிதான்.

பிறகு அடையாள ஆவணங்கள். குழந்தையின் ஆதாரில் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்தாண்டு செல்லும். ஆனால் பல நாடுகள் பயணத்தின்போது குறைந்தது ஆறு மாதம் மீதமிருக்க வேண்டும் என்று கேட்பதால், உண்மையில் நமக்கு ஒன்பதரை ஆண்டுதான். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலிருந்தே தரலாம்.

இனி முக்கியமான ஒரு நுணுக்கம். காலண்டரில் கடைசி நாளைக் குறிக்காதீர்கள்; தொடங்க வேண்டிய நாளைக் குறியுங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு மாதம் முன்னால், பாஸ்போர்ட்டுக்கு ஓராண்டு முன்னால், அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைக்கு அட்டையில் பத்து மாத்திரை மீதமிருக்கும்போது. கல்லூரிச் சேர்க்கைக்கான சான்றிதழ்களுக்குத் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும். மார்ச்சிலேயே விண்ணப்பித்துவிட்டால், பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

செல்பேசிக் காலண்டரில் இவற்றை ஆண்டுதோறும் திரும்ப வரும்படி பதித்துவிடுங்கள். கூடவே சுவரில் தொங்கும் மாதக் காலண்டரிலும் எழுதுங்கள், ஏனென்றால் அதுதான் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். அந்தக் காலண்டரில் முகூர்த்த நாட்களும் அச்சிட்டிருக்கும். சார்பதிவாளர் அலுவலகம், பஸ், ரயில், நகைக்கடை எல்லாம் அன்றைக்கு நிரம்பி வழியும் என்பதால், உங்கள் சொந்த அலுவல்களை அந்த நாட்களைத் தவிர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: தள்ளிப்போட்டால் வளர்வது எது?

கெடு இல்லாத வேலைகளில்தான் முன்னுரிமை குழப்பமாகிறது. அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954-இல் இவான்ஸ்டன் நகரில் பேசியபோது, அவசரமானவை, முக்கியமானவை என்று பிரச்சினைகள் இரண்டு வகை என்று ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாக மேற்கோள் காட்டினார். அதிலிருந்து பிற்பாடு உருவான நான்கு கட்ட அட்டவணை இன்று பல நிர்வாகப் பயிற்சிகளில் சொல்லித்தரப்படுகிறது. அலுவலகத்துக்கு அது பொருந்தும். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வேலையையும் நான்கு கட்டங்களில் எதில் போடுவது என்று விவாதிப்பது அவசியமில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்கு ஒரே கேள்வி போதும்: இதை இரண்டு மாதம் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

சில வேலைகள் வளர்ந்துவிடும். பல்லில் சின்னச் சொத்தை இருக்கும்போது அடைப்பது ஒருநாள் வேலை. வேர்வரை போனால் பலமுறை உட்கார வேண்டும், செலவும் பல மடங்கு. மொட்டைமாடி விரிசல், சுவரில் ஊறும் ஈரம், வண்டியின் பிரேக், வட்டி ஏறும் கடன், மனத்தாங்கலோடு இருக்கும் தம்பியிடம் பேசுவது எல்லாம் இந்த ரகம். இவற்றுக்கு நட்சத்திரம் போடுங்கள். மழை தொடர்பான எல்லாவற்றையும் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிட்டால் கொத்தனாரும் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் பூச்சு காயாது.

சில அப்படியே இருக்கும். புகைப்பட ஆல்பத்தை அடுக்குவது, பரணை ஒழிப்பது போன்றவை. இவை விடுமுறைக்கு. சில தானாகவே தேவையில்லாமல் போய்விடும். அவற்றை இன்றே அடித்துவிடுங்கள். இரண்டாண்டாகப் பட்டியலில் இருந்துகொண்டு உங்களைக் குற்றவுணர்ச்சியில் வைத்திருக்கும் வேலையை ஒரு கோடு போட்டு நீக்குவதும் முன்னுரிமை கொடுப்பதில் சேர்ந்ததுதான்.

இவற்றோடு இன்னொரு வகை உண்டு: உங்களுக்குச் சிறியது, ஆனால் நீங்கள் செய்தால்தான் இன்னொருவரின் வேலை நகரும். மகளின் பள்ளிப் படிவத்தில் கையெழுத்து, சகோதரிக்கு அனுப்ப வேண்டிய பத்திர நகல். இவற்றை வரிசையில் முன்னே தள்ளுங்கள்.

படி 4: நேரத்தைக் கணிக்கும்போது சென்ற முறையைப் பாருங்கள்

1994-இல் வெளியான ஓர் ஆய்வில் ரோஜர் பியூலர் என்ற உளவியலாளரின் குழுவினர் கனடாவில் இறுதியாண்டு மாணவர்களிடம், ஆய்வேட்டை எழுதி முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள். உண்மையில் எடுத்துக்கொண்டது சுமார் 55 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாளாகும் என்ற கேள்விக்குச் சொன்ன பதில்கூட உண்மையைவிடக் குறைவாகவே இருந்தது. நாம் எல்லோரும் அப்படித்தான். வேலை தடையின்றி நடப்பதாக மனத்தில் ஓட்டிப் பார்த்து நேரம் சொல்லிவிடுகிறோம்.

வங்கிக்குப் போய்வர அரை மணி நேரம் என்று எழுதாதீர்கள். சென்ற முறை வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றியதுவரை எவ்வளவு ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தை எழுதுங்கள். நாளின் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாகவே விடுங்கள். விருந்தாளி, மின்தடை, குழந்தையின் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

படி 5: அலைச்சலைக் குறையுங்கள்

நேரத்தை உண்மையாகவே மிச்சப்படுத்த வேண்டுமானால் இந்தப் படியில்தான் கவனம் வைக்க வேண்டும். ஓர் அலுவலகத்துக்குப் போய், நகல் இல்லை, போட்டோ இல்லை, ஆதாருடன் இணைத்த செல்பேசி எண் வேறு என்று திரும்பி வருவதுதான் நம் ஊரில் அரைநாளை விழுங்கும் முதல் எதிரி.

வீட்டுக்கு ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். ஒவ்வொருவரின் ஆதார், பான், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள் மும்மூன்று. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள். பட்டா, பத்திரம், சொத்து வரி ரசீது நகல்கள். ஒரு நீலப் பேனா. கோப்பின் முதல் தாளில் எந்த எண் யாருடைய ஆதாருடன் இணைந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கும்போது இது தேவையில்லை என்று தோன்றும். தாத்தாவின் ஆதார் வெளியூரில் இருக்கும் சித்தப்பாவின் எண்ணோடு இணைந்திருக்கும் வீடுகளுக்குத் தெரியும் இதன் அருமை. 2015-இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கர் செயலியில் ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவுச் சான்று, மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை இறக்கி வைத்துக்கொள்ளலாம். துறைகளே நேரடியாக அங்கே வழங்கும் ஆவணங்கள் அசலுக்கு இணையாகச் சட்டப்படி செல்லும். வீட்டில் எடுத்த புகைப்படத்தைப் பதிவேற்றினால் அந்தத் தகுதி கிடைக்காது என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, ஒரே திசையில் இருப்பவற்றைச் சேருங்கள். கடைவீதிக்குப் போகும் ஒரு நாளில் தையற்கடை, மருந்துக்கடை, தபால் நிலையம், மிக்ஸி ரிப்பேர் எல்லாம் முடியட்டும். நோட்டில் ஒரு பக்கத்தை இடவாரியாகப் பிரித்தால் இது தானாக நடக்கும். வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை என்பதைக் காலண்டரில் முன்பே வட்டமிடுங்கள். போனில் முடிகிற வேலைகளுக்கும் இதேதான். எரிவாயுப் பதிவு, பிளம்பர், மருத்துவரிடம் நேரம் வாங்குவது எல்லாவற்றையும் ஒரே அமர்வில் பேசி முடியுங்கள்.

படி 6: வாரத்துக்கு ஒரு முறை உட்காருங்கள், நாளுக்கு மூன்று எடுங்கள்

ஞாயிறு மாலை அரை மணி நேரம். நோட்டையும் காலண்டரையும் விரித்து, கெடு உள்ளவற்றில் இந்த வாரம் தொடங்க வேண்டியது எது, நட்சத்திரம் போட்டதில் எதைச் செய்வது என்று பார்த்துக் கிழமைகளில் பிரித்து எழுதுங்கள். ஒரு நாளுக்கு மூன்று வேலைகளுக்குமேல் வேண்டாம். சமையல், துணி, பள்ளிக்கு அனுப்புவது போன்ற அன்றாட வேலைகள் இந்தக் கணக்கில் வராது. இருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அவையே எடுத்துக்கொள்கின்றன, அதனால்தான் மூன்று.

மூன்றில் கடினமானதை, மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் வையுங்கள். சிலருக்கு விடியற்காலை, சிலருக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு. அதோடு ஒவ்வொரு வேலையையும் வழக்கமாக நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். 'மாலை காபி குடித்ததும் வரிக் கணக்குத் தாள்களை எடுப்பேன்' என்பது போல. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் ஆராய்ந்து சொன்ன முறை இது. எப்போது, எங்கே என்று முன்கூட்டித் தீர்மானித்தவர்கள், வெறுமனே செய்ய வேண்டும் என்று நினைத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடித்தார்கள்.

படி 7: வேலையைப் பகிர்ந்தால் முழுதாகக் கொடுங்கள்

மத்திய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. இது கையால் செய்யும் நேரம் மட்டும். எப்போது அரிசி தீரும், யாருக்கு எப்போது தடுப்பூசி, யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன மொய் என்று நினைவில் வைத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அந்தச் சுமை முழுவதும் ஒரே பெண்ணின் தலையில் இருக்கிறது. இது மாறாமல் எந்த நோட்டும் எந்தச் செயலியும் அவருக்கு நிம்மதி தராது.

"என்ன செய்யணும்னு சொல்லு, செய்கிறேன்" என்று கணவர் சொல்வது நல்ல மனத்தோடுதான். ஆனால் சொல்ல வேண்டிய பொறுப்பு அப்போதும் மனைவியிடமே இருக்கிறது. "எரிவாயு இனிமேல் உங்கள் பொறுப்புங்க" என்றால், சிலிண்டர் தீரப்போவதைக் கவனிப்பது, பதிவு செய்வது, பணம் எடுத்து வைப்பது, வரும் நாளில் யாராவது வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது எல்லாமே அவருடையவை. கொடுத்தவர் இடையில் நினைவூட்டக் கூடாது; செய்தவர் வேறு விதமாகச் செய்தால் குறை சொல்லவும் கூடாது. இதேபோல் வண்டிகள் ஒருவருக்கு, மருந்துகள் ஒருவருக்கு, பள்ளி ஒருவருக்கு என்று துறை துறையாகப் பிரியுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் பள்ளிப்பையும் சீருடையும். ஞாயிறு அரை மணி நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்தால், யாரும் யாரையும் தனியே விசாரிக்க வேண்டியிருக்காது.

படி 8: ஏற்காமல் இருக்கவும் பழகுங்கள்

பட்டியல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், ஒரு நாளில் கொள்ளாத அளவு வேலையை அது கொள்ளவைக்காது. உறவுக்காரர் கேட்கும்போது உடனே "ஆகட்டும்" என்று சொல்லாமல், "நாளைக்குக் காலண்டரைப் பார்த்துச் சொல்கிறேன் அத்தை" என்று சொல்லுங்கள். மரியாதை குறையாது, முடிவும் உங்கள் கையில் இருக்கும். கல்யாணத்துக்கு முதல் நாளே போய்த் தங்க முடியாவிட்டால் முகூர்த்தத்துக்குப் போய் வாழ்த்திவிட்டு வரலாம்.

காய்ச்சலோ துக்கமோ வந்து இரண்டு மூன்று வாரம் எல்லாம் நின்றுபோகும். அப்போது விட்டதையெல்லாம் பிடிக்க முயலாதீர்கள். கெடு உள்ளவற்றை மட்டும் பார்த்து, கட்டணம் கட்டி, மற்றதை அடுத்த ஞாயிற்றுக்கு விடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமின்மையும் படபடப்பும் தொடர்ந்தால் அது ஒழுங்கின்மையால் வருவதாக நினைத்து உங்களைக் கடிந்துகொள்ள வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

எட்டுப் படிகளையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் முதல் இரண்டை மட்டும் செய்யுங்கள்: நோட்டில் எழுதுவது, கெடுத் தேதிகளைக் காலண்டரில் ஏற்றுவது. அடுத்த வாரம் ஆவணக் கோப்பு. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ளவர்களை உட்காரவைத்து, துறைகளைப் பிரிப்பதை அன்றைக்குப் பேசுங்கள். தயாராக எழுதிய பட்டியல் கையில் இருக்கும்போது அந்தப் பேச்சு சண்டையில் முடிவது குறைவு.